கெண்டிப் பள்ளத்தில் அத்தான் பாடிய பாட்டு

சிடார் பெஞ்ச், யூட்டா
டிசம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை மாலை

பெருமதிப்பிற்குரிய அக்கா நெட்ரா அவர்களின் சமூகத்திற்கு, தம்பி மெரில் ஜெப்சன் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ஆர்வில்லாவும் சுகம். அத்தானும் சுகம். செயின்ட் ஜார்ஜ் நகர வெயிலில் தாங்களும் தங்கள் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறோம். மேலே "அத்தானும் சுகம்" என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படித்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு மேற்கொண்டு படிக்கவும். கையில் கத்தரிக்கோல், தோசைத்திருப்பி போன்றவை இருந்தால் கீழே வைத்துவிடவும். படிக்கும்போது எந்த இடத்தில் மூச்சு அடைத்தாலும் மறுபடி மேலே வந்து அந்த இரண்டு சொல்லைப் பார்த்துக்கொள்ளவும். அத்தான் சுகம். இந்த நிமிடம் என் வீட்டுச் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். காது கேட்காத எங்கள் பூனைகூட எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது.

இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். அக்கா, போனில் "ஹலோ" என்பதற்கு அடுத்த சொல்லை என்னைத் தாங்கள் சொல்ல விட்டு எத்தனை வருஷம் ஆகிறது? (தாங்கள், தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். மரியாதையைச் சேர்த்துப் படித்துக்கொள்.) ஞாயிற்றுக்கிழமை அத்தான் உனக்குப் போன் செய்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, ஒரு எல்க் மான் கிடைச்சுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாரே, அதன் பிறகு நீ ஆர்வில்லாவைக் கூப்பிட்டு, "அவர் தொண்டை ஏன் இப்படிக் கம்மிக்கிடக்கு, என்ன மறைக்கிறீங்க?" என்று கேட்டாயாம். அவள், "சளி" என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு அன்று முழுவதும் முகம் தொங்கிப்போய் இருந்தாள். பொய் சொல்லத் தெரியாத குடும்பத்தில் பிறந்தவள், பாவம். ஆகையால் தொண்டை கட்டிய உண்மைக் காரணத்தை நானே எழுதுகிறேன். யாரோ எவரோ சொல்லி உன் காதுக்கு வருவதைவிட இது மேல். அதிலும் வெல்டா கிறிஸ்டோபர்சன் வாயால் வருவதைவிட ரொம்ப மேல். அவள் யார் என்பது பின்னால் வரும்.

அத்தானை என்னிடம் அனுப்பும்போது நீ போட்ட உத்தரவுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகாத மனுஷன், கண் பார்வையிலிருந்து விடக்கூடாது. கனம் எதையும் தூக்க விடக்கூடாது. மாத்திரை நேரம் தவறக்கூடாது. மேட்டில் ஏறவிடக்கூடாது. எல்க் வேட்டைக்கு வருகிறவரை மேட்டில் ஏறவிடாமல் இருப்பது எப்படி என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் நீ பார்த்துக்கோ" என்றாய். பார்த்துக்கொண்டேன் அக்கா. முக்கால்வாசி பார்த்துக்கொண்டேன். மீதிக் கால்வாசிதான் இந்தக் கடிதம்.

அத்தான் இங்கே வந்து இறங்கிய அழகிலிருந்து ஆரம்பிக்கிறேன். வண்டியின் பின்கதவைத் திறந்ததும் பொட்டலங்கள் சரிந்து என் காலில் விழுந்தன. உங்கள் ஊர்க் கடைக்காரன் ஒருவன் அத்தானின் நல்ல மனதைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைக்கிறேன். மடக்கினால் கைத்தடியாகும் நாற்காலி, மனுஷவாடையை எல்குக்குத் தெரியாமல் மறைக்கும் ஒரு சோப்பு, பெட்டை எல்க் கூப்பிடுகிற மாதிரியே சத்தம் போடும் ஊதுகுழல், பாட்டரியில் சூடாகிற காலுறை. ஊதுகுழலை வாசலில் நின்று ஊதிக் காட்டினார். தெருவிலுள்ள நாய்கள் எல்லாம் வந்தன. "பார்த்தியா மாப்ளே, வேலை செய்யுது!" என்றார். அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாக எல்க் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு விழுந்த மனுஷன். வருஷாவருஷம் விண்ணப்பம் போட்டு, வருஷாவருஷம் குலுக்கலில் பெயர் வராமல், அடுத்தவர் சொல்லும் வேட்டைக் கதைகளை அவர்கள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த பல் டாக்டர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருந்தால் நீயும் என்னை மாதிரியே "சரி, போகலாம்" என்றுதான் சொல்லியிருப்பாய்.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் என் சிநேகிதன் ரூலன் டாசன். உனக்கு ஞாபகம் இருக்கும், நம் அப்பா காரியத்தில் பெரிய இரும்புச்சட்டி நிறையச் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு சுமந்துகொண்டு வந்தானே, அவன்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுரங்கத்தில் கூரை இடிந்து ஒரு நாள் பகல் முழுக்க உள்ளே கிடந்தபோதுகூடப் பயப்படாதவன். ஆனால் பல் டாக்டர் என்றால் அவனுக்கு உதறல். அத்தான் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் வாயைக் கையால் பொத்திக்கொண்டே பேசினான். அத்தான் அதைக் கவனித்துவிட்டார். கூடாரத்தில் அடுப்பு மூட்டி, ஆர்வில்லா கொடுத்தனுப்பிய கேரட் போட்ட பச்சை ஜெல்லியை (குளிரில் செங்கல்லாகிவிட்டது, கைக்கோடாலியால் உடைத்தோம்) தின்றுகொண்டிருந்தபோது, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, "ரூலன், கொஞ்சம் ஆ காட்டுங்க" என்றார். ரூலன், "டாக்டர், நான் உங்க மேல ரொம்ப மரியாதை வச்சிருக்கேன், அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே பனியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

காலுறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அத்தானின் இடது பாதத்தைப் பார்த்துவிட்டு நீ கேட்பாய். பாட்டரிக் காலுறையில் மூன்று சூடு உண்டு. இடது காலுறை மூன்றாவது சூட்டுக்குப் போனது, திரும்பி வரவில்லை. "மாப்ளே, வேகுது, வேகுது!" என்று கத்திக்கொண்டு அத்தான் ஒற்றைக் காலில் கூடாரத்தை விட்டு வெளியே குதித்து, காலைப் பனிக்குள் சொருகிக்கொண்டு நின்றார். உஸ்ஸென்று ஆவி வந்தது. ரூலன், "இஸ்திரிப் பெட்டியைக் கால்ல மாட்டிக்கிட்டு வேட்டைக்கு வந்த ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றான். கொப்புளம் சின்னதுதான். ஆறிவிட்டது. அன்றையிலிருந்து என் பழைய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறாய்?

மலைமேல் பனி கூடிவிட்டதால் எல்க் கூட்டம் கீழே இறங்கி, வெயில் படும் சரிவுகளில் புல் தேடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் முதல் சில நாட்கள் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் காலடித் தடமும் சூடு ஆறிய புழுக்கையும்தான். சனிக்கிழமை காலையில் கெண்டிப் பள்ளத்து விளிம்புக்குப் போனோம். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா நம்மைக் கூட்டிப்போய்த் தூரத்திலிருந்து காட்டி, "கிட்ட போகாதீங்க" என்றாரே, அதே இடம். உள்ளே போவதற்கு அகலமான வாய், வெளியே வருவதற்கு மூக்கு மாதிரி ஒரே ஒரு இடுக்கு. இரண்டு பக்கமும் படிப்படியாகச் சிவப்புப் பாறை, அதன்மேல் பனி, அங்கங்கே ஜூனிப்பர் மரம். ரூலன் அந்தப் பக்கமாகச் சுற்றிப்போனான். அவன் வாடை பட்டுக் கூட்டம் எங்கள் பக்கம் நகரும் என்பது திட்டம். வேட்டையில் போட்ட திட்டம் அப்படியே நடந்து நான் பார்த்ததில்லை அக்கா. அன்றைக்கு நடந்தது. அத்தானும் நானும் மதியம் வரை ஒரு பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தோம். பழுப்பு முதுகுகள் வரிசையாக மரத்துக்கு நடுவே வந்தன. கொழுத்த பெட்டை ஒன்று தனியாகப் பிரிந்து பக்கவாட்டில் நின்றது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நாற்பது வருஷம் சொத்தைப் பல்லில் ஊசிமுனை வைத்த கை அல்லவா. ஒரே வெடி.

அது விழவில்லை. நாலு எட்டு நடந்தது, நின்றது, அசைந்தது, பிறகு பள்ளத்து விளிம்பைத் தாண்டி எங்கள் கண்ணிலிருந்து மறைந்தது. நல்ல இடத்தில்தான் பட்டிருந்தது, பனியில் ரத்தத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அத்தான் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, "நான் சுட்டேனா மாப்ளே? நானா?" என்று கேட்டார். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். ரெண்டு கிழவன்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

விலங்கு பள்ளத்துக்குள் விழுந்துவிட்டால் கயிறு வேண்டும், முதுகில் மாட்டிக்கொள்ளும் சுமைச் சட்டம் வேண்டும், ரூலன் வேண்டும். மூன்றும் வண்டிப் பக்கம், வெடி கேட்டதும் அங்கே வந்து நிற்பதாக ரூலன் சொல்லியிருந்தான். நான் அத்தானை ஒரு ஜூனிப்பர் அடியில் உட்காரவைத்து, "அத்தான், இந்த மரத்தை விட்டு நகரக்கூடாது. நான் போய் ரூலனைக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்" என்றேன். "சரி மாப்ளே" என்றார். அவர் சரி என்று தலையாட்டிய விதம் எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். "ஊசி வலிக்காது" என்று சொல்லும்போது அவர் தலையாட்டுவாரே, அதே ஆட்டம். ஆமாம், உன் முதல் உத்தரவை மீறிவிட்டேன். கண் பார்வையிலிருந்து விட்டுவிட்டேன். திட்டுவதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொள், முடிவில் திட்டலாம்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் மேற்கிலிருந்து மேகம் இறங்கிவிட்டது. கெண்டி முழுக்க வெள்ளையாகப் புகை நிரம்பின மாதிரி. பொடிப்பனி முகத்தில் அடித்தது. ஜூனிப்பர் இருந்தது. துப்பாக்கி இருந்தது, குண்டுகளைக் கழற்றி ஒழுங்காக மரத்தில் சாய்த்திருந்தார். மடக்கு நாற்காலி இருந்தது. அத்தான் இல்லை.

காலடித் தடம் விளிம்பை நோக்கிப் போனது. அங்கிருந்து காலடி இல்லை அக்கா. பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம் மாதிரி ஒரே வழுக்கல் தடம், நேராகக் கீழே, மேகத்துக்குள். கொஞ்ச தூரத்தில் ஒரு புதரில் அவருடைய ஆரஞ்சுத் தொப்பி மாட்டிக்கொண்டு ஆடியது.

"அத்தான்!" என்று கத்தினேன். பள்ளம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. வேறு பதில் இல்லை. ரூலன் வானத்தைப் பார்த்து மூன்று வெடி வைத்தான். அதற்கும் இல்லை. போனை எடுத்துப் பார்த்தேன், அங்கே என்றைக்கு சிக்னல் இருந்தது? இருட்டுவதற்கு ரொம்ப நேரம் இல்லை. ராத்திரி அந்தப் பள்ளத்தில் குளிர் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் எழுதப்போவதில்லை. பனியில் உட்கார்ந்தேன். அப்போது என் மனதில் வந்தது அத்தான் முகம்கூட இல்லை, உன் முகம். உன் வாசலில் வந்து நிற்கிறேன், நீ கதவைத் திறக்கிறாய், என் பின்னால் எட்டிப் பார்க்கிறாய், "அவர் எங்கே, வண்டியிலயா இருக்கார்?" என்று கேட்கிறாய். அந்த ஒரு கேள்வி. அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. தலையைத் திருப்பினால் ரூலன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "டேய், தொப்பியைப் போடுடா! யாருக்குடா கழட்டுற? போடுடா தலையில!" என்று கத்தினேன்.

"தலை அரிச்சுதுடா" என்றான் ரூலன். முப்பத்தைந்து வருஷ சிநேகத்தில் அவன் சொன்ன முதல் பொய்.

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமான முனகல். ஏறியது, இறங்கியது, நடுவில் உடைந்தது, மறுபடி ஏறியது. ரூலன் காதைத் தீட்டிக்கொண்டான். "அடப்பாவமே, டாக்டர் சுட்டது இன்னும் சாகலடா. வலியில கத்துது. கீழ போய் முதல்ல அதுக்கு ஒரு முடிவு கட்டணும், கேக்கவே சகிக்கல" என்று சொல்லித் துப்பாக்கியை எடுத்தான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். மறுபடி கேட்டது. அக்கா, உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் அந்தச் சபைப் பாட்டு ராகத்தை அந்த இடத்தில் கொண்டுபோய்க் கொல்லும். சபையில் பாடல்குழுவிலிருந்து பிஷப்பே நேரில் வந்து, "சகோதரர் ஓரின், உங்கள் சேவை பார்க்கிங் பகுதிக்குத் தேவைப்படுகிறது" என்று கெஞ்சி வெளியே அனுப்பினாரே, அந்தக் குரல். "ரூலன், அது எல்க் இல்லடா. அது எங்க அத்தான்! பாடுறாருடா!" என்றேன்.

ரூலன் நம்பவில்லை. "இது பாட்டா?" என்றான்.

"மூணாவது சரணம்டா!" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. பாடுகிற மனுஷனுக்கு மூச்சு இருக்கிறது, மூச்சு இருந்தால் நெஞ்சு ஓடுகிறது, ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் இருக்கிறது. இதற்கு முன் அந்தக் குரலைப் பற்றி நான் பேசியது அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாங்கள் கத்தியது அவருக்குக் கேட்காததற்கும் அதுதான் காரணம், அவர் பாட்டே அவர் காதை அடைத்துவிட்டது.

சத்தம் வந்த பக்கமாக விளிம்போடு போய்க் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம். மேகம் கொஞ்சம் விலகியது. எங்களுக்கு நேர் கீழே, ஒரு வீட்டு மாடி ஆழத்தில், ஒரு பாறைத்திட்டு. அதன்மேல் செத்த எல்க். எல்கின் வயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்திருப்பது போல, அத்தான்.

"அத்தான்! அடி ஏதாவது பட்டுச்சா?"

பாட்டு நின்றது. "மாப்ளே! வந்துட்டியா! அடி எல்லாம் இல்ல. சும்மா எங்க கிடக்குன்னு எட்டிப் பார்த்தேன், கால் வழுக்கிருச்சு. இது இன்னும் கதகதன்னு இருக்கு, இல்லாட்டி நான் உறைஞ்சிருப்பேன். மாப்ளே, ஒண்ணு சொல்லணும், இதுக்குப் பல்லு எவ்வளவு அருமையா இருக்கு தெரியுமா?"

"என்னது?"

"பல்லு! சும்மா உக்காந்திருக்க வேண்டாம்னு வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப்பல் தேய்மானத்தைப் பார்த்தா எட்டு, ஒன்பது வயசு இருக்கும். ஒரு சொத்தை கிடையாது! மேல ரெண்டு பக்கமும் தந்தப்பல் இருக்கு பாரு, அதை அலுங்காம எடுத்து நெட்ராவுக்குக் காதுத் தோடு பண்ணிக் குடுக்கப்போறேன்!"

ரூலன் என்னிடம், "உங்க அத்தான் அங்க என்ன, பேஷன்ட் பாத்துக்கிட்டு இருக்காரா?" என்றான். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். கையுறையால் கண்ணைத் துடைத்தான். அவனும் பயந்துதான் போயிருந்தான்.

திட்டிலிருந்து மேலே ஏற வழி இல்லை, கீழே பார்த்தால் தலை சுற்றும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் அடர்ந்த ஜூனிப்பர் புதர். கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி, மறுமுனையைக் கீழே போட்டோம். அத்தான் அக்குளுக்குக் கீழே கட்டிக்கொண்டார். பல்லுக்கிடையில் நூல் விடுகிற கை, முடிச்சு பிரமாதமாகப் போட்டார். இழுத்தோம். அக்கா, அத்தானுக்கு நீ சாப்பாட்டைக் குறைத்திருப்பதாகச் சொன்னாய். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. ரூலனும் நானும் குதிகாலைப் பனியில் ஊன்றி இழுத்த இழுப்பில் பாதி உயரம் வந்தார். அங்கே கயிறு ஒரு பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அத்தான் நடுவானத்தில் பம்பரம் மாதிரி மெல்லச் சுற்றினார். "மாப்ளே, என்ன ஆச்சு? ஏன் நின்னுருச்சு? எனக்கு இப்ப கெண்டி முழுசும் தெரியுது, ரொம்ப அழகா இருக்கு, ஆனா தயவுசெஞ்சு இழு!" என்றார். எனக்கு இடுப்பில் ஏதோ சொடுக்கியது. ரூலன் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. விட்டால் விழுவார், பிடித்தால் நாங்கள் போவோம். ஒரு நிமிடம் மூன்று பேரும் வாய் விட்டு ஜெபம் செய்தோம், அதில் ரூலன் ஜெபத்தில் சில சுரங்கத்து வார்த்தைகள் கலந்திருந்தன.

அப்போது அத்தானுக்குக் கீழே, அந்தத் திட்டில், ஜூனிப்பர் புதர் சலசலத்தது. கரடியோ என்று நினைத்தேன். புதரை விலக்கிக்கொண்டு ஒரு ஆரஞ்சுச் சட்டை வெளியே வந்தது. முதுகில் சுமைச் சட்டம், அதில் ஒரு முழு எல்க் தொடை. எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிற வெல்டா கிறிஸ்டோபர்சன். நின்றாள். செத்த எல்கைப் பார்த்தாள். மேலே ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு பூட்ஸைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"மெரில் அண்ணே, அந்தப் பெரியவரை ஏன் தூக்குல போடுறீங்க?"

"வெல்டா! நீ எப்படி அங்க வந்த?" என்றேன்.

"நடந்து வந்தேன்" என்றாள். "இது எல்க் போற பாதைதானே. இந்தப் புதருக்கு அந்தாண்ட மாட்டுவண்டியே போகலாம். அப்படியே சுத்தி மேல ஏறினா உங்க வண்டி நிக்கிற இடம். நான் காலையிலயே ஒண்ணு அடிச்சுட்டேன், இது கடைசிச் சுமை."

அத்தான் மெல்ல ஒரு சுற்று சுற்றி வெல்டா பக்கம் முகம் வந்தபோது, தொங்கிக்கொண்டே, "வணக்கம்மா, நான் ஓரின். நெட்ராவோட வீட்டுக்காரர்" என்றார். மரியாதை தெரிந்த மனுஷன்.

"நெட்ரா அக்கா வீட்டுக்காரரா? அக்காவுக்குத் தெரியுமா இது?" என்றாள் வெல்டா. அங்கேயே சுமையை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், பள்ளம் முழுக்க வெல்டாவாகச் சிரித்தது. பிறகு அவள் கீழிருந்து அத்தான் காலைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்க, கயிறு விடுபட்டது, நாங்கள் மெதுவாக இறக்கினோம். ரூலனும் நானும் சுற்றுப்பாதையில் இறங்கிப் போனோம். வெல்டா சொன்னது அப்படியே சரி. நல்ல அகலமான பாதை. என் ஆர்வில்லா சமையலறைக் கதவைவிட அகலம். அத்தான் அந்தப் புதரைக் கையால் விலக்கி ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் நடந்தே வண்டிக்கு வந்திருப்பார். "நீங்க ஏன் அந்தப் பக்கம் பார்க்கல அத்தான்?" என்று கேட்டதற்கு, "பல்லையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன் மாப்ளே" என்றார்.

கிட்டே போனதும் அவரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, பின்பக்கம் கொஞ்சம் வலி, தொண்டை போய்விட்டது. அவ்வளவுதான். என்னைக் கட்டிக்கொண்டு, "நெட்ராகிட்ட சொல்லாதே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததால் வாக்கை மீறியதாகாது.

நாலு பேருமாக எல்கை அறுத்துப் பிரித்துச் சுமந்து மேலே வந்தோம். வெல்டாதான் பெரிய சுமையை எடுத்துக்கொண்டாள். அத்தானுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அவர் கேட்டார். "அக்கா உத்தரவு" என்றேன். அவர் கொஞ்ச தூரம் முன்னால் நடந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னதை, நீ கோபப்படாமல் படிக்க வேண்டும் அக்கா, அப்படியே எழுதுகிறேன்.

"மாப்ளே, கீழ விழுந்து கண்ணைத் திறந்தப்ப ரொம்பப் பயந்துட்டேன். செத்துருவோம்னே நினைச்சேன். உங்க அக்காவை நினைச்சு அழுதேன். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு தோணுச்சு. ஆபரேஷன் ஆனதிலிருந்து இப்பத்தான் ஒரு மதியம் முழுக்க யாரும் என்னை 'மூச்சு வாங்குதா'ன்னு கேக்கல. வீட்டுல பால் பாட்டிலைக்கூட அவ என்னைத் தூக்கவிடுறதில்ல. பயத்துலதான் பண்றா, எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்குத்தான் எனக்கு நான் இன்னும் இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு. அதான் பாடுனேன். உதவிக்குக் கூப்பிடுறதுக்குப் பாடல மாப்ளே. சும்மா பாடுனேன்."

நான் ஒரு பொட்டலம் இறைச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சின்னதுதான். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வண்டி வரைக்கும் ஒரு இடத்தில்கூட நிற்காமல் நடந்தார். மூச்சு வாங்கியதா என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

கூடாரத்தில் ரூலன் இரும்புச்சட்டியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பன்றி இறைச்சியும் போட்டு, எல்க் ஈரலையும் வதக்கினான். வெல்டாவும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். சூடான சாக்லேட்டுக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தான் எங்கள் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று, கம்மின குரலில் ஒரு உறுதிமொழி எடுத்தார். "இதுதான் முதலும் கடைசியும். இனி நான் வேட்டைக்குப் போறதில்ல. துப்பாக்கியைத் தொடுறதில்ல. என் துப்பாக்கியை ரூலனுக்கே குடுக்கிறேன்" என்றார். ரூலன் நெகிழ்ந்துபோய், வாயைப் பொத்திக்கொள்ள மறந்து, "டாக்டர்!" என்று முழு வாயையும் திறந்துவிட்டான். அத்தான் அதற்குள் டார்ச்சை எடுத்துவிட்டார். இடது பக்கம் கீழே ஒன்று எடுக்க வேண்டுமாம்.

ஆகவே அக்கா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இங்கே எங்கள் மருத்துவமனையில் நேற்றுக் காட்டியாகிவிட்டது. நெஞ்சு நன்றாக இருக்கிறது, சொல்லப்போனால் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா, என்ன உடற்பயிற்சி செய்தார் என்றும் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். மூன்று நாளாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை இந்தக் கடிதத்தோடு இறங்கிவிட்டது. நீ நிம்மதியாக இரு. அத்தான் வெள்ளிக்கிழமை காலை இங்கிருந்து புறப்படுகிறார். வந்ததும் திட்டாதே. திட்டியே ஆக வேண்டுமென்றால் என்னைத் திட்டு, ஞாயிறு மாலை போன் செய், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: வண்டியிலிருந்து இறைச்சிப் பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கம் அவர் பிடிக்கட்டும். நீ வேறு எங்காவது பார்த்துக்கொள்.

பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். ஆண்டவர் உன்னையும் உன் முட்டியையும் காப்பாராக. நம் வீட்டார் எல்லாரும் இதேபோல் எந்தப் பள்ளத்திலிருந்தும் முழுசாக ஏறி வரட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட (முக்கால்வாசி)
தம்பி மெரில்

பின்குறிப்பு: புதன்கிழமை காலை. தபால்தலை ஒட்டும்போது கவனித்தேன், சோபா காலியாக இருக்கிறது. குளியலறையிலும் இல்லை. வாசலில் ரூலன் வண்டித் தடம் வந்து திரும்பிப் போயிருக்கிறது. ஆர்வில்லாவைக் கேட்டால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "சளி" என்கிறாள். பிறகு ஒத்துக்கொண்டாள். நேற்று நான் இந்தக் கடிதத்தில் மும்முரமாக இருந்தபோது வெல்டா வந்தாளாம், கூட்டம் இன்னும் கீழே இறங்கி ஆற்றோரம் நிற்கிறது என்றாளாம். ரூலனுக்கு வேறு இன்னும் ஒன்றும் விழவில்லையாம். மூன்று பேருக்கும் ரொட்டியில் ஜாம் தடவிக் கட்டிக்கொடுத்து அனுப்பியவளே இவள்தான். அத்தான் வேட்டையாடப் போகவில்லையாம், "பாதை காட்ட" போயிருக்கிறாராம். ஆகவே மேலே வெள்ளிக்கிழமை என்று எழுதியதை அடித்துவிட்டு அடுத்த வாரம் என்று படிக்கவும். நீ பதறாதே. இதோ நான் கிளம்பிவிட்டேன். நேராகப் போய், அத்தானைக் கையோடு பிடித்து அழைத்து வருவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. ஆற்றோரம் என்பதால் எதற்கும் இருக்கட்டும் என்று என் துப்பாக்கியையும் எடுத்துக்கொள்கிறேன். என் அனுமதிச் சீட்டும் சனிக்கிழமை வரை செல்லும் என்பது தற்செயல்.